பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு எந்த ஸ்டுடியோ மானிட்டர்?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: பெங்களூரு ராமமூர்த்தி நகரில் வாடகை வீடு. 10-க்கு 12 அடி அறை, உயரம் 10 அடி. பக்திப் பாடல்கள் பதிவு செய்கிறீர்கள். பாடுவது நீங்களே, சுருதி 2 கட்டை (ஆதார சுரம் D). கூட மிருதங்கமும் ஹார்மோனியமும். இதுவரை ஹெட்ஃபோனில் மிக்ஸ் செய்ததெல்லாம், அதாவது குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துக் கலந்ததெல்லாம், காரில் போட்டால் குடத்துக்குள் பாடுவது போல இருக்கிறது. கையில் 50,000 ரூபாய் இருக்கிறது. மானிட்டர் என்பது மிக்ஸ் செய்யும்போது கேட்பதற்கென்றே செய்த ஸ்பீக்கர், இன்ச் என்பது அதன் பேஸ் கூம்பின் அகலம். 8 இன்ச் மானிட்டர் வாங்கினால் சரியாகிவிடுமா?

ஆகாது, தம்பி. 8 இன்ச் வேண்டவே வேண்டாம். 5 இன்ச் ஜோடி ஒன்றை 35,000 ரூபாய்க்குள் முடித்துக்கொள்ளுங்கள். மீதி 15,000-ஐ ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சுப் பலகை), மரச்சட்டம், துணி, நல்ல கேபிள், இரண்டு ஸ்டாண்ட் என்று அறைக்குள் இறக்குங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பது கொஞ்சம் நீளமான கதை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் அல்சூர் பக்கம் ஜோகுபாளையாவில் குடியிருந்தேன். மாடியில் ஓர் அறை. நீளம் 10 அடி, அகலம் 10 அடி, உயரமும் 10 அடி. அச்சில் வார்த்த வெல்லக்கட்டி மாதிரி சதுரப் பெட்டி. அதில் கொண்டுபோய் 8 இன்ச் ஜோடியை வைத்தேன். கடைக்காரர் "சார், பேஸ் சும்மா அதிரும்" என்றார். அதிர்ந்தது. மேசையைச் சுவரோரம் போட்டு, நாற்காலியை நட்டநடு அறையில் போட்டு உட்கார்ந்தேன். ஒரு பாட்டை எடுத்து மிக்ஸ் ஆரம்பித்தால் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி கேட்கவேயில்லை. வலப்பக்கமான வலந்தலை கணீரென்று வருகிறது, தொப்பியின் கும்கி என்கிற வளைந்த அடிநாதம் மட்டும் எங்கோ ஓடிப்போய்விட்டது. சரி, மைக் வைத்ததில் ஏதோ தப்பு போல என்று 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 அதிர்வு) பக்கம் சத்தத்தை 5 டெசிபெல் ஏற்றினேன். பாடியவருக்கும் உங்களைப் போலவே 2 கட்டை. மந்திர ஸ்தாயிப் பஞ்சமத்துக்கு, அதாவது கீழ் ஸ்தாயியின் 'ப'வுக்கு, இறங்கும்போதெல்லாம் குரல் வீங்கி வந்தது. 110 பக்கம் 4 டெசிபெல் வெட்டினேன். அறையில் கேட்க அவ்வளவு அழகு.

மறுநாள் நண்பரின் காரில் போட்டோம். முதல் கும்கியிலேயே கதவின் உள்பலகை கடகடவென்று ஆடியது. குரல் மந்திரத்தில் இறங்கினால் ஆளையே காணோம். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை, வால்யூமை மட்டும் குறைத்தார்.

என்ன நடந்தது என்று புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. உங்களுக்கு ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1,130 அடி ஓடும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அரை அலைநீளம் கச்சிதமாகப் பொருந்துகிற அதிர்வெண் வந்தால் அறையே சேர்ந்து பாட ஆரம்பித்துவிடும். கணக்கு சுலபம், 565-ஐ அடியால் வகுங்கள். 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ் சொச்சம். அதன் இரட்டிப்பு 113. என் அறையில் மூன்று பக்கமும் பத்தே அடி என்பதால் மூன்றும் ஒரே இடத்தில் வந்து குவிந்தன. 56-க்குச் சுவரோரத்தில் அழுத்தம் உச்சம், அறையின் நடுவில் ஏறக்குறைய பூஜ்யம். 113-க்கோ நடுவில்தான் உச்சம். நான் நாற்காலி போட்டிருந்த இடம் அந்த நடு. தொப்பி காணாமல் போனதும், மந்திரப் பஞ்சமம் வீங்கியதும் அதனால்தான். 2 கட்டைக்கு சட்ஜம் 147 ஹெர்ட்ஸ் என்றால் கீழ்ப் பஞ்சமம் 110. அறையின் 113-க்குப் பக்கத்து வீடு. அறை செய்த குற்றத்துக்கு நான் பாட்டைத் தண்டித்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் அறை என்னுடையதைவிடத் தேவலாம். 12 அடி நீளத்துக்கு 47, 94. அகலத்துக்கும் உயரத்துக்கும் 56, 113. இரண்டு பக்கம் ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். ஆனால் உங்களுக்கும் 2 கட்டை. அந்த 113 உங்களையும் விடாது.

இப்போது 8 இன்ச் விஷயத்துக்கு வருகிறேன். யமஹாவின் எச்எஸ்5, எச்எஸ்8 இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் 5 இன்ச்சுக்கு 54 ஹெர்ட்ஸிலிருந்து என்றும், 8 இன்ச்சுக்கு 38-லிருந்து என்றும் போட்டிருக்கும். அது சத்தம் 10 டெசிபெல் விழுந்த பிறகான கணக்கு. 3 டெசிபெல் விழுகிற இடத்தைப் பார்த்தால் எச்எஸ்5 74-இலும் எச்எஸ்8 47-இலும் நின்றுவிடுகின்றன. எந்தக் கம்பெனி மானிட்டராக இருந்தாலும் இந்த இரண்டு எண்களில் எது அச்சிடப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் ஆப்பிளையும் ஆரஞ்சையும் ஒரே தராசில் போட்ட மாதிரி ஆகிவிடும். விஷயம் என்னவென்றால், 8 இன்ச் மானிட்டர் 47-ஐயும் 56-ஐயும் முழு பலத்தோடு உங்கள் அறைக்குள் கொட்டும். அறை அதை வாங்கி இரண்டு மூன்று மடங்காக்கித் திருப்பித் தரும். 5 இன்ச் அந்த இடத்தில் தானாகவே அடங்கிப் போகிறது. பக்திப் பாட்டுக்கு 50 ஹெர்ட்ஸில் பெரிய வேலை ஒன்றுமில்லை. நீங்கள் சினிமாவுக்குப் பின்னணி இசை செய்பவராக இருந்தால் வேறு பேச்சு.

தொப்பியின் அடிச்சத்தம் 100-க்குக் கீழே போகும், அது உண்மை. அதை 5 இன்ச்சில் பாதிக்கு மேல் கேட்கலாம், மீதியை உங்கள் ஹெட்ஃபோனில் சரிபார்த்துக்கொள்ளலாம். இங்கே ஒரு சின்ன விலகல். மிருதங்கத்தின் ஓசையை ஆராய்ந்து, வலந்தலையின் நடுவே உள்ள கறுப்பு வட்டமான கரணைதான் அதன் மேல்சுரங்களைச் சுருதிக்கு இணக்கமாக்குகிறது என்று விளக்கியவர் சி.வி. ராமன். 1933-இல் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்தவர், கடைசிவரை இதே பெங்களூருவில்தான் இருந்தார். தொப்பிக்கு நிலையான கரணை கிடையாது, வாசிக்கும் முன் ரவை பிசைந்து ஒட்டுகிறோம். வலந்தலையை நூறு அறைகளில் கேட்டாலும் அது சுருதியைத் தெளிவாகச் சொல்லிவிடும். தொப்பி ஒவ்வோர் அறையிலும் வேறு ஆளாகத் தெரியும். மிருதங்கத்தை மிக்ஸ் செய்கிறவர்கள் அறையைப் பற்றி மற்றவர்களைவிட அதிகம் கவலைப்பட வேண்டியிருப்பது இதனால்தான்.

சரி, எதை வாங்குவது? உங்கள் தொகைக்குள்ளோ அதையொட்டியோ வரக்கூடிய நல்ல பெயர்கள் நான்கைந்துதான். யமஹா எச்எஸ்5, ஜேபிஎல் 305பி மார்க் 2, ஆடம் டி5வி, கேஆர்கே ராக்கிட் 5, கொஞ்சம் பெரிதாக 6.5 இன்ச்சில் காலி எல்பி-6. எல்லாம் உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் உள்ளவை. கீழ்ச்சத்தம் தரும் வூஃபருக்கு ஒன்று, மேல்சத்தம் தரும் ட்வீட்டருக்கு ஒன்று. எச்எஸ்5 குரலின் நடுப்பகுதியை எடுத்து முகத்துக்கு நேரே காட்டும், மூக்கடைத்த குரல் மூக்கடைத்தே கேட்கும். குரல் வேலைக்கு என் ஓட்டு அதற்குத்தான். ஆடத்தின் ட்வீட்டர் மடிப்பு மடிப்பாகச் செய்தது. ஜால்ரா, தம்புராவின் ஜீவா (தந்தியின் ரீங்காரம்) எல்லாம் அதில் துல்லியமாக வரும், ஆனால் சுகமாக இருப்பதாலேயே ஏமாற வாய்ப்புண்டு. ஜேபிஎல் நீங்கள் கொஞ்சம் நகர்ந்தாலும் மாறாமல் கேட்கும், கிட்டப் போனால் ட்வீட்டரில் மெல்லிய இரைச்சல் இருக்கும். மூன்றடி தள்ளி உட்கார்ந்தால் நான் பொருட்படுத்துவதில்லை, என் மனைவிக்கு அது ஆகவே ஆகாது. காலியின் முதுகில் ஸ்பீக்கரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று படம் போட்டே ஸ்விட்ச் கொடுத்திருக்கிறார்கள், புதிதாக வருகிறவர்களுக்குப் பெரிய உபகாரம்.

இவற்றில் எது சிறந்தது என்று ஆறு மாதம் யூடியூப் பார்க்காதீர்கள். யூடியூபில் ஸ்பீக்கர் ஒப்பீடு கேட்பது, போனில் வாசனை பார்ப்பது மாதிரி. கடைக்கு நேரில் போங்கள். உங்கள் குரலின் மிக்ஸ் ஆகாத ட்ராக் ஒன்றை வேவ் ஃபைலாகக் கொண்டுபோய், ஒரே வால்யூமில் மாற்றி மாற்றிக் கேளுங்கள். கொஞ்சம் சத்தமாக இருப்பதுதான் நல்ல ஸ்பீக்கர் என்று காது தீர்ப்பு எழுதிவிடும், அதனால் ஒரே வால்யூம் முக்கியம். இன்னொன்று, ஆன்லைனில் பல மானிட்டர்களின் விலையை ஒற்றை ஸ்பீக்கருக்குப் போடுகிறார்கள். ஜோடி என்று நினைத்து ஆர்டர் போட்டு, ஒற்றைப் பெட்டி வந்து நின்ற ஆட்களை எனக்குத் தெரியும்.

பேஸ் வெளிவரும் துளை மானிட்டரின் முதுகில் உள்ளதா, முகத்தில் உள்ளதா என்று பார்க்க வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். முதுகுத் துளை என்றால் சுவரை ஒட்டவே கூடாது, அரை அடியாவது மூச்சுவிட இடம் வேண்டும். மற்றபடி அது சாதி வித்தியாசம் மாதிரி பேசவேண்டிய விஷயம் இல்லை. பேஸ் அலை பெட்டியின் எந்தப் பக்கம் வந்தாலும் எல்லாத் திசையிலும்தான் பரவும்.

வைக்கும் இடம்தான் பாதி வேலை, அதற்கு ஒரு காசும் செலவில்லை. 10 அடிச் சுவரைப் பார்த்து உட்காருங்கள், 12 அடி உங்கள் முதுகுப் பக்கம் நீளட்டும். இடது வலது சுவர்கள் சம தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் திறந்த வாசல் என்றால் பாட்டு ஒரு பக்கமாகச் சாயும். காது முன் சுவரிலிருந்து நீளத்தின் 38 சதவீதத்தில், அதாவது நாலரை அடியில் இருப்பது நல்ல தொடக்கம். அது வேதவாக்கு ஒன்றும் இல்லை. நட்டநடுவையும் பின்சுவரையும் தவிர்ப்பதற்கான குறிப்பு மட்டுமே, அங்கிருந்து அரை அடி முன்னும் பின்னும் நகர்ந்து பாருங்கள். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சேர்ந்து சமபக்க முக்கோணம், ஒவ்வொரு பக்கமும் மூன்றரை அடி. ட்வீட்டர் காது உயரத்தில்.

முன் சுவரிலிருந்து ஸ்பீக்கர் எவ்வளவு தள்ளி? இங்கேதான் பெரும்பாலானவர்கள் "தள்ளி வைத்தால் நல்லது" என்று கேள்விப்பட்டு மூன்றடி தள்ளி வைத்து மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்பீக்கரிலிருந்து பின்னால் போன பேஸ் சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது, ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் நேரே வந்ததற்கு எதிராக நின்று அதை அழித்துவிடும். 282-ஐ அடிக்கணக்கில் வூஃபர் முகத்துக்கும் சுவருக்குமான தூரத்தால் வகுத்தால் அந்த எண் வரும். மூன்றடி என்றால் 94 ஹெர்ட்ஸ், தொப்பி இருக்கும் இடம். இரண்டடிக்கு 141, அது உங்கள் சட்ஜத்தின் வாசல். ஓரடி சொச்சத்துக்கு 250-ஐ ஒட்டி வரும், அங்கே நாலு இன்ச் ராக்வூல் ஏதாவது செய்ய முடியும். அதனால் சின்ன அறையில் சுவருக்குக் கிட்டே வையுங்கள், அதனால் பெருக்கும் பேஸை முதுகில் உள்ள ஸ்விட்ச்சால் குறைத்துவிடுங்கள். எச்எஸ்5-இல் 'ரூம் கண்ட்ரோல்' என்று இருக்கும், 2 அல்லது 4 டெசிபெல் குறைக்கலாம். மற்றவற்றில் வேறு பெயரில் இருக்கும். கூடிய பேஸைக் குறைக்கலாம். அழிந்துபோன பேஸை எந்த ஈக்யூவாலும் (அதிர்வெண் வாரியாக ஏற்றி இறக்கும் கருவி) நிரப்ப முடியாது. நீங்கள் ஏற்ற ஏற்ற, எதிரே வருவதும் அதே அளவு ஏறும்.

மேசைமேல் நேரடியாக வைக்காதீர்கள். மேசைப் பலகையும் ஒரு ஸ்பீக்கர்தான். ஸ்டாண்ட் முடியாவிட்டால் அடியில் ரப்பர் பட்டையோ கெட்டியான ஃபோமோ போடுங்கள். எனக்கு ஒரு தடவை ஒரு பாட்டில் 90 பக்கம் "ஸ்ஸ்ர்ர்" என்று ஓர் அதிர்வு. ட்ராக் ட்ராக்காக மியூட் செய்து அரை மணி நேரம் தேடினேன். கடைசியில் பார்த்தால் பீரோவின் மேல் கவிழ்த்து வைத்திருந்த எவர்சில்வர் சொம்பு. இப்போது புதிய அறை என்றால், முதல் வேலையாக 40-இலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒற்றை டோனை ஓடவிட்டு அறையைச் சுற்றி நடக்கிறேன். பீரோ சாவிக்கொத்து, ஜன்னல் கண்ணாடி, சுவரில் மாட்டிய சாமி படம், ஒவ்வொன்றும் தன் முறை வரும்போது குரல் கொடுக்கும்.

அதே டோனை நாற்காலியில் உட்கார்ந்து கேட்டால் எங்கே பெருக்கிறது, எங்கே காணாமல் போகிறது என்றும் தெரிந்துவிடும். ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இன்னும் முறையாகச் செய்ய வேண்டுமானால் ரூம் ஈக்யூ விசர்ட் என்ற மென்பொருள் இலவசம், ஓர் அளவீட்டு மைக் மட்டும் வேண்டும். யாரிடமாவது ஒரு நாளைக்கு இரவல் வாங்கினால் போதும்.

அடுத்து ராக்வூல். முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன், இது சவுண்ட்ப்ரூஃப் இல்லை. பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாமல் தடுக்க வேண்டுமானால் கனமான சுவர் வேண்டும், இடைவெளி அடைக்க வேண்டும், வாடகை வீட்டில் அது நடக்காது. நாம் செய்வது அறைக்குள் எதிரொலியை அடக்குவது. கடைகளில் கிடைக்கும் ஒரு இன்ச் கறுப்பு ஃபோமை வாங்கிச் சுவர் முழுக்க ஒட்டாதீர்கள். அது உச்சஸ்தாயியை மட்டும் தின்றுவிட்டு பேஸை அப்படியே விட்டுவிடும். அறை செத்த மாதிரியும் இருக்கும், குடம் மாதிரியும் இருக்கும். 56 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் இருபது அடி, அதற்கு ஒரு இன்ச் ஃபோம் கொசுவலை மாதிரி. முட்டை அட்டையைப் பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள்.

வேண்டியது தடிமன். 50 மில்லிமீட்டர் ராக்வூல் பலகை, கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, இரண்டை ஒன்றன் பின் ஒன்றாக வைத்தால் நாலு இன்ச். நாலடிக்கு இரண்டடி மரச்சட்டம், மேலே பருத்தித் துணி. துணி வாங்க சிக்பேட்டைதான். வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், மூச்சு தாராளமாக மறுபக்கம் போனால் அந்தத் துணி சரி. சட்டம் அடித்துத் தந்த தச்சர் மர்ஃபி டவுன்காரர், நம்ம ஆள். முதல் பலகைக்குத் துணி போர்த்திக்கொண்டிருக்கும்போது கேட்டார், "ஏன் சார், சுவருக்கு மெத்தை தைக்கிறீங்க? சுவரா படுத்துத் தூங்கப் போகுது?" விளக்கினேன். பிறகு இரண்டு பலகையை இரண்டு காதுக்கும் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஒரு கைதட்டுத் தட்டச் சொன்னேன். "அட, காது அடைச்ச மாதிரி இருக்கே" என்றவர், அடுத்த நாலு சட்டத்துக்குப் பேரமே பேசவில்லை. கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள், ராக்வூல் தோலில் பட்டால் ராத்திரி முழுக்க அரிக்கும்.

ஆறு பலகை போதும். இரண்டு முன் மூலைகளில் தரையிலிருந்து நிற்கட்டும், மூலையில்தான் எல்லா ஒத்திசைவும் வந்து சேர்கிறது. இரண்டு பக்கச் சுவர்களுக்கு ஒவ்வொன்று. இடம் கண்டுபிடிக்க வீட்டில் யாரையாவது முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோரமாக நகர்த்தச் சொல்லுங்கள். நாற்காலியிலிருந்து பார்க்கும்போது கண்ணாடியில் ட்வீட்டர் தெரிகிற இடம்தான் இடம். பின்சுவருக்கு இரண்டு. சுவரிலிருந்து இரண்டு மூன்று இன்ச் விலக்கி வைத்தால் அதே பலகை இன்னும் கீழே வரை வேலை செய்யும். ஆணி அடிக்க வீட்டு ஓனர் விடமாட்டார் என்றால் கால் வைத்து நிற்க வையுங்கள், காலி செய்யும்போது கையோடு எடுத்துப் போகலாம். தரை டைல்ஸ் என்றால் ஒரு பவானி ஜமுக்காளம். உங்களிடம் பஞ்சு மெத்தை இருந்தால் பின்சுவரில் சாய்த்துவிடுங்கள், அதற்குக் காசு கிடையாது.

ஹம் சத்தம் பற்றிக் கொஞ்சம். பெங்களூருவில் பழைய கட்டடங்களில் மூன்றாவது துளை பெயருக்குத்தான் இருக்கும், எர்த் கம்பி உள்ளே வந்திருக்காது. லேப்டாப் சார்ஜரை மாட்டிவிட்டு அதன் உலோக உடம்பைத் தடவினால் ஜிவ்வென்று இருக்கிறதா? அதே சங்கதிதான் ஸ்பீக்கரில் 50, 100 ஹெர்ட்ஸ் முனகலாக வருகிறது. முதலில் ஓர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஸ்பீக்கரையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி), லேப்டாப், இரண்டு மானிட்டர் எல்லாம் ஒரே சுவர் பாயின்டிலிருந்து ஒரே ஸ்ட்ரிப்பில். கேபிள் பேலன்ஸ்டாக இருக்க வேண்டும், அதாவது பின்னில் இரண்டு கறுப்பு வளையம் உள்ளது. ஒற்றை வளையம் என்றால் மவுஸை நகர்த்தினால்கூட ஸ்பீக்கரில் கீச்சென்று கேட்கும். எஸ்.பி. ரோட்டில் கனெக்டரும் கேபிளும் தனியாக வாங்கி நீங்களே சால்டர் செய்தால் பாதி விலை. யாராவது மானிட்டர் ப்ளக்கின் எர்த் பின்னை வெட்டிவிட்டால் ஹம் போய்விடும் என்று சொன்னால், ஹம் போய்விடும்தான், ஷாக் அடிக்கும்போது உங்களைக் காப்பாற்ற எதுவும் இருக்காது. ஆன் செய்யும்போது மானிட்டர் கடைசி, ஆஃப் செய்யும்போது மானிட்டர் முதல். வரிசை மாறினால் வருகிற "டம்" ஒரு நாள் ட்வீட்டரைத் தின்றுவிடும். கரண்ட் போய்ப்போய் வருகிற ஏரியா என்றால் போனவுடனே மானிட்டர் ஸ்விட்ச்சை அணைத்துவிடும் பழக்கம் நல்லது.

எவ்வளவு சத்தத்தில் கேட்பது? இதை யாரும் கேட்பதில்லை. மனிதக் காது சத்தத்துக்குத் தகுந்த மாதிரி பேஸைக் கூட்டிக் குறைத்துக் கேட்கும் என்று 1933-லேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் வரைபடம் போட்டுக் காட்டிவிட்டார்கள். சத்தமாக வைத்து மிக்ஸ் செய்தால் பேஸ் போதும் என்று தோன்றும், அதே பாட்டு மெதுவாக ஓடும்போது சோகையாக இருக்கும். அதனால் ஒரே லெவலில் உட்காருங்கள். பிங்க் நாய்ஸை (எல்லா அதிர்வெண்ணும் கலந்த சோதனை இரைச்சல்) மைனஸ் 20 டெசிபெல்லில் ஓட்டி, போனில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்றில் சி வெயிட்டிங் (பேஸையும் சேர்த்து அளக்கும் அமைப்பு) வைத்து, ஒவ்வொரு ஸ்பீக்கரும் தனித்தனியே 75 டெசிபெல் வாக்கில் வருகிற மாதிரி இன்டர்ஃபேஸ் குமிழைத் திருப்புங்கள். அந்த இடத்தில் ஒரு அடையாளம். என் குமிழில் மனைவியின் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு நாலு வருடமாக இருக்கிறது. பொட்டைத் தாண்டிக் கேட்க வேண்டுமானால் ஒரு நிமிடம் கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட வேண்டும்.

மானிட்டர் வந்த முதல் இரண்டு வாரம் எதையும் மிக்ஸ் செய்யாதீர்கள். சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகக் கேட்ட பாட்டுகள் மூன்றை எடுத்துப் போட்டுக்கொண்டே இருங்கள். யமஹாவின் வெள்ளைக் கூம்பு என்எஸ்-10 கதை தெரிந்திருக்கும். 1978-இல் வீட்டு உபயோகத்துக்கென்று வந்த ஸ்பீக்கர் அது, வீடுகளில் எடுபடவில்லை. ட்வீட்டர் கூச்சலாக இருக்கிறது என்று அதன் மேல் டிஷ்யூ பேப்பர் ஒட்டிக்கொண்டு உலகம் முழுக்க ஸ்டுடியோக்காரர்கள் அதில் மிக்ஸ் செய்தார்கள். 2001-இல் உற்பத்தி நின்றுபோனது, இன்னும் தேடி வாங்குகிறார்கள். மூடிய பெட்டி, பேஸ் சட்டென்று நின்றுவிடும். அதைவிட, எந்த ஸ்டுடியோவுக்குப் போனாலும் அதே பெட்டி, அதே குணம். அதில் எப்படிக் கேட்டால் வெளியே எப்படிக் கேட்கும் என்று ஆட்களுக்குக் கை வந்துவிட்டது.

வெளியே எங்கே கேட்கப் போகிறார்கள் என்பதையும் யோசியுங்கள். உங்கள் பாட்டு ஆடி வெள்ளிக்கிழமை ஏதோ ஓர் அம்மன் கோயில் கூம்பு ஸ்பீக்கரில்தான் முதலில் ஓடும். அந்தக் கூம்புக்கு 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒன்றும் தெரியாது, இடது வலது என்ற பேதமும் தெரியாது. ஒரு முறை ஹார்மோனியத்தை ஸ்டீரியோவில் அகலமாக விரிக்கிறேன் என்று ஒரு ப்ளக்கின் போட்டிருந்தேன். ஹெட்ஃபோனில் சொர்க்கம். கோயிலில் பாட்டு ஓடும்போது ஹார்மோனியமே இல்லை. இடதும் வலதும் ஒன்றுக்கொன்று எதிராக நின்று, மோனோவில் ஒரே ஒலியாகச் சேர்ந்தவுடன் ஒன்றையொன்று அழித்துவிட்டன. அன்றிலிருந்து ஒவ்வொரு மிக்ஸையும் மோனோவாக்கி, 300-க்குக் கீழே வெட்டி, ஒற்றை ஸ்பீக்கரில் ஒரு முறை கேட்காமல் அனுப்புவதில்லை. அப்போதும் சாகித்யம் புரிந்தால், தாளம் தெரிந்தால் போதும்.

சப்வூஃபர் (பேஸுக்கென்றே தனி ஸ்பீக்கர்) வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். இந்த அறைக்கு வேண்டாம்.

கடைசியாக ராத்திரி. வேலைக்குப் போய்விட்டு வந்து பத்து மணிக்கு மேல்தான் உட்கார முடிகிறது என்கிறீர்கள். குடியிருப்புப் பகுதிக்கு இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபெல் என்பதுதான் 2000-ஆம் வருட விதிகளின் வரம்பு. சட்டத்தை விடுங்கள், மேல் வீட்டில் ஓனர் இருக்கிறார். மானிட்டர் வேலையை சனி, ஞாயிறு காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ட்ராக்கை வெட்டுவது, சுருதி விலகலைத் திருத்துவது, மூச்சுச் சத்தத்தை எடுப்பது எல்லாம் ராத்திரி ஹெட்ஃபோனில் நடக்கட்டும். லெவல், ரிவர்ப் (செயற்கை எதிரொலி), தொப்பி, இவை மூன்றையும் மட்டும் ராத்திரியில் தொடாதீர்கள். பதிவு செய்யும்போது எப்படியும் மானிட்டரை அணைத்து ஹெட்ஃபோன்தான், திறந்திருக்கிற கண்டென்சர் மைக் அந்த 113-ஐயும் சேர்த்துப் பிடித்து வைத்துவிடும், பிறகு எடுக்க வராது.